கடைசிப் பகுதி என்னுடையது

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டவர்களுக்கு என் குடும்பத்தார் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். என் மனைவி செல்வமணி சீனி வியாதி என்றாள். அவளுடைய அண்ணன் பிரஷர் என்றார். குடல் புண் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வல்லாரைக் கஷாயம் காய்ச்சி வார்டுக்கே கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். எனக்கு வந்தது மனச்சோர்வு. சாக வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கான காரியத்தையும் செய்து, பிழைத்தவன் நான். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். என்னைப் போல் நல்ல பெயரோடு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாத்தளை மாவட்டத்தில் ஒரு கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எங்கள் நாட்டில் அந்த வேலை செய்பவனை முதலியார் என்பார்கள், சிங்களவர்கள் முதலி மஹத்தயா, அதாவது முதலி ஐயா, என்பார்கள். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அதில் ஒரு முறை உண்டு. சாட்சி “நான்தான் வெட்டினேன்” என்றால் நானும் “நான்தான் வெட்டினேன்” என்றே சொல்ல வேண்டும். “வெட்டியதாகச் சொல்கிறார்” என்று நீட்டினால் நீதவான் முறைப்பார். பிழை விட்டுவிட்டால் அந்த இடத்திலேயே “திருத்தம்” என்று சொல்லிச் சரிசெய்ய வேண்டும். இப்படி நான் செய்யாத கொலை இல்லை, திருடாத மாடு இல்லை. மாலையில், வேலைக்குப் போடும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

நான் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: “நம்ம லயத்துல இருந்து கோர்ட்டுக்குப் போனவன்ல கைவிலங்கு இல்லாம போனவன் எம் மகன் ஒருத்தன்தான்!” அன்றிலிருந்து நான் எனக்குச் சொந்தமில்லாத ஆளாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் ஆட்கள். பொலிசிலிருந்து வந்த கடிதம், கிராம சேவகர் கேட்ட பத்திரம், எல்லாம் சிங்களத்தில். வாசித்துச் சொல்ல வேண்டும், பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். முத்துமாரியம்மன் கோயில் தேர் இழுக்கும்போது ஒலிபெருக்கியில் சிங்கள அறிவிப்பும் நான்தான். தெருவில் போனால் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டுவார்கள். அப்படிக் காட்டப்படுகிறவன் தெருவில் குந்தி அழ முடியுமா?

அந்த வருத்தம் எப்படி ஆரம்பித்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். காரணம் ஒன்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும், எனக்குத்தான் அப்படி ஒன்று அகப்படவில்லை. அது எண்பதுகளின் கடைசியில் தெற்கில் நடந்த கிளர்ச்சியும் அதை அடக்கிய பயங்கரங்களும் ஓய்ந்து சில வருஷம் ஆன காலம். வடக்கில் யுத்தம் நடந்தது, பஸ்ஸில் போனால் அடையாள அட்டை கேட்டு இறக்குவார்கள், என் கோர்ட் அட்டையைக் கண்டால் மட்டும் விட்டுவிடுவார்கள். மகன் காணாமல் போன அம்மாக்களின் வார்த்தையையும் நான்தான் “என் மகன், என் மகன்” என்று சொல்லியிருக்கிறேன். அதுதானா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. முதலில் ருசி போனது. கருவாட்டுக் குழம்பும் வெறும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடும், வந்தவுடனே ஏன் வந்தது என்று இருக்கும். குளிக்கப் போவது மலை ஏறுவதைப் போல இருந்தது. கவலையாகவாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. மகளுக்குச் சோதனையில் நல்ல பெறுபேறு வந்தது, நான் சிரித்தேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வேலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. குரல் தானாக ஓடியது. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாகவே செய்தேன், ஏனென்றால் அங்கே நிற்கும்போதுதான் நான் நானாக இருக்க வேண்டியதில்லை. கோட் தொளதொளத்துப் போய் பிடிக்கக் கொடுத்தபோது தையற்காரர், “முதலியார் ஐயா எளைச்சு எளந்தாரி ஆயிட்டீங்களே” என்று சந்தோஷப்பட்டார். மத்தியானம் கோர்ட் கலைந்ததும் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குள் போய், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முதலியார் ஏதோ யோசிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதைத் தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. செல்வமணி மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். அதனால் இருக்கிறேன்.

கண் திறந்தபோது பொது வார்டில் கிடந்தேன். பக்கத்தில் செல்வமணியும் அவளுடைய அண்ணனும் நின்றார்கள். மச்சான் கலேவெலயில் மொத்த வெங்காயக் கடை வைத்திருப்பவர், எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிற மனிதர். என் காதருகே குனிந்து சொன்னார்:

“மச்சான், தவறுதலா நடந்துருச்சு. வெளங்குதா? தவறுதலா. பொலிஸ் வரும், வாய மூடிக்கிட்டு இருங்க, நா பேசிக்கிறேன்.”

எனக்கு நன்றாகவே விளங்கியது. அந்தக் காலத்தில் தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றம். பிழைத்தவனைக் கூண்டில் ஏற்றுவார்கள். பிற்பாடு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அப்படிக் கூண்டில் நின்ற எத்தனையோ பேருக்கு நான் வாயாக இருந்திருக்கிறேன். நீதவான் “ஏன் செய்தாய்?” என்று கேட்பார். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “தெரியாமச் செஞ்சிட்டேங்க.” வழக்குப் பேசும் சட்டத்தரணியின் ஆள் வெளியே வைத்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பதில் அது. நானும் அதைச் சிங்களத்தில் “தெரியாமல் செய்துவிட்டேன்” என்பேன். எச்சரித்து விட்டுவிடுவார்கள், சிலருக்குச் சிறு தண்டம். அடுத்த வழக்கு. இப்போது நான் உண்மையைச் சொன்னால், என் கோர்ட்டில், என் கூண்டில், என்னோடு தேநீர் குடிக்கிறவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். வாசலில் வந்து நிற்கிற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் அதைப் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும், அதே அறைக்கு.

விசாரிக்க வந்த பொலிஸ் சார்ஜனுக்கு என்னைக் கோர்ட்டில் பல வருஷப் பழக்கம். தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, “தவறுதலாக நடந்ததுதானே, முதலி மஹத்தயா?” என்று சிங்களத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்பே எழுதிவிட்டார். என் மேல் உள்ள மரியாதையால் செய்தார். எனக்கோ வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிட்டுப் போனது போல இருந்தது.

டாக்டர்கள் அந்தக் கதையை முழுக்க நம்பவில்லை. சில நாளில் என்னை மனநோய் வார்டுக்கு மாற்றினார்கள். மச்சான் குதித்தார், செல்வமணிதான் கையெழுத்துப் போட்டாள். கம்பி போட்ட ஜன்னல், இரும்புக் கட்டில்கள், வாசலில் ஒரு காவலாளி. மாத்திரையைக் கையில் தந்து, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். எத்தனை பேருக்கு வாயாக இருந்த வாயை ஒரு நர்ஸ் டோர்ச் அடித்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இரத்தம் எடுக்கவும் நெஞ்சுக்கு மின்வரைவு எடுக்கவும் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பில் வேறு கோளாறால் சோர்வு வரவில்லை என்று உறுதிசெய்யவும், மாத்திரையை இருதயம் தாங்குமா என்று பார்க்கவும் அந்தச் சோதனைகள். வாங்குப் பலகையில் காத்திருந்தபோது, தோட்டத்துப் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஆஸ்பத்திரிச் சாரமும் கசங்கிய சட்டையுமாக இருந்தவனிடம் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை நீட்டினாள். “முதலியாரய்யாவா? நல்ல நேரத்துல வந்தீங்க சாமி, இதுல என்னா எழுதியிருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” பார்த்துச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் துண்டுகளோடு வந்துவிட்டார்கள். என் முறை வந்து கூப்பிட்டபோது அவர்களுக்கு என் மேல் கோபம்.

வார்டின் டாக்டர் ஒரு சிங்களப் பெண், நாற்பது வயது இருக்கும். தமிழ் தெரியாது, அதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். முதல் நாள் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். நான் கோர்ட்டுச் சிங்களத்தில், முழு வாக்கியங்களாகப் பதில் சொன்னேன். நித்திரை சற்றுக் குறைவு. வேலைப் பளு. நடந்தது தவறுதல். பொய்ச் சாட்சி எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும், அவன் எங்கும் தடுக்கி விழமாட்டான். நானும் விழவில்லை. அவர் பேனாவை மூடிவிட்டு, “உங்கள் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டேன்.

மாத்திரை பற்றி அவர் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. அது தலைவலி மாத்திரை மாதிரி அன்றே வேலை செய்யாது, வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வாய் காயும், கை நடுங்கும், மலம் இறுகும். தெம்பு முதலில் திரும்பலாம், மனம் பிந்தித்தான் தெளியும். “அந்த இடைவெளிதான் ஆபத்து. சாக நினைத்தும் எழும்பத் தெம்பில்லாமல் கிடந்தவருக்குத் தெம்பு மட்டும் வந்துவிடும்” என்றார்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. சோறு கொஞ்சம் இறங்கியது, நானாகச் சவரம் செய்துகொண்டேன். உள்ளே அதே இருட்டு. ஆனால் மச்சானுக்கு அது போதுமாக இருந்தது.

“ஆளு நல்லாத்தானே இருக்காரு. பைத்தியக்கார வார்டுல வச்சிருந்தா நாளைக்கு மகளுக்கு யாரு மாப்பிள்ள குடுப்பான்? நா வியாழக்கெழம வேன் கொண்டாறேன், கூட்டிக்கிட்டுப் போயிருவோம்.”

செல்வமணி சோற்றைப் பிசைந்து உருட்டி என் கையில் வைத்தாள். கை நடுங்குவதால் அவள்தான் அப்படித் தருவாள். வியாழக்கிழமை என்ற சொல் மட்டும் எனக்குள் தங்கியது. வீட்டுக்குப் போனதும் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை குடைக்காக யாரும் திரும்பி வரப்போவதில்லை. அதை நினைத்தபோது பயம் வரவில்லை, நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பற்றி இப்போது எழுதும்போதுதான் பயம் வருகிறது.

பக்கத்துக் கட்டிலில் ராமையா என்று ஒருவர் இருந்தார். ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணி, கோயில் தலைவர், ஆள் பார்க்க ஓங்குதாங்காக இருப்பார். மகன்மார் கொழும்பில் கடை வைத்திருக்கிறார்கள், மகள் டீச்சர். அவரும் என்னைப் போலத்தான் வந்தவர், ஆனால் அவருக்குத் தவறுதல் என்று எழுத ஒரு சார்ஜன் இல்லை. குணமானதும் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவர் கட்டிலைச் சுற்றி நின்று, “ஒங்களுக்கு என்னா கொற?” என்றே கேட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

புதன்கிழமை காலை டாக்டர் அவரிடம் பேச வந்தார். வழக்கமாகத் தமிழ் சொல்லும் அட்டெண்டன் லீவு. “முதலி மஹத்தயா, உதவி செய்வீர்களா?” என்று கேட்டார். கோட் இல்லை, ஆனாலும் எழுந்து ராமையாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டி, கோர்ட்டில் நிற்பதைப் போலவே நின்றேன்.

டாக்டர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். ராமையா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“எல்லாம் இருக்குங்க. அதான் சொல்ல வாயில்ல. இல்லாதவன் அழுதா என்னான்னு கேப்பாங்க. நா அழுதா சிரிப்பாங்க. காலையில முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்கு.”

நான் சிங்களத்தில் சொன்னேன். “எனக்கு எல்லாம் இருக்கிறது. அதனால்தான் சொல்ல வாயில்லை. இல்லாதவன் அழுதால் என்னவென்று கேட்பார்கள். நான் அழுதால் சிரிப்பார்கள். காலையில் விழித்தால், ஏன் விழித்தேன் என்று இருக்கிறது.”

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். குரல் நிற்கவில்லை.

“கோட்டைப் போட்டதும் நான் காணாமல் போகிறேன், கழற்றிய பிறகும் திரும்பி வருவதில்லை. உசாவியில் எல்லோருடைய வலியையும் நான் என்று சொல்கிறேன், எனக்கு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கிறவர்களைக் கண்டால் பின்கதவால் ஓடவேண்டும் போல் இருக்கிறது. என் மகள் சிரிக்கிறாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார்கள். போனால் நான் செத்துவிடுவேன்.”

வார்டில் யாரோ இருமுவது கேட்டது. டாக்டர் எழுதவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட், உசாவி, அதாவது கோர்ட், இரண்டும் எந்தத் தோட்டத்து ஆளுக்கும் விளங்கும் சிங்களச் சொற்கள். ராமையா எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயா, நா கோட்டுப் போடுறதப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களே” என்றார்.

தொழில் தொடங்கிய நாளிலிருந்து நான் அப்படி ஒரு பிழை விட்டதில்லை. என்ன செய்வது என்று யோசிக்கவும் தோன்றவில்லை, பழக்கம்தான் முந்திக்கொண்டது. கைகளைப் பின்னால் கட்டியபடியே டாக்டரிடம் சொன்னேன்:

“திருத்தம். கடைசிப் பகுதி சாட்சியுடையது அல்ல. என்னுடையது.”

சொல்லி முடித்ததும் ராமையாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அழுகை வந்தது. ராமையா நகர்ந்து இடம் விட்டார்.

அழுகை அடங்கியதும் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். இது கோழைத்தனமும் அல்ல, நன்றிகெட்டதனமும் அல்ல, நோய். மூளையின் வேலையிலும் மாற்றம் உண்டு, வாழ்க்கையின் பாரமும் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். நல்ல நிலையில் இருக்கிறவர்களுக்கு இது வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அவர்கள் கடைசி நாள் வரைக்கும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்வார்கள். “நீங்கள் என்னிடம் சொல்வது சிகிச்சைக்கு. பொலிசுக்கு என்ன சொல்வது என்பது உங்கள் முடிவு” என்றார்.

மத்தியானம் செல்வமணி வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாளைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும். சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“தவறுதல் தவறுதல்னு எத்தன பேருக்குச் சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கிட்டே வந்துச்சுங்க. இன்னொருக்கா நடந்தா அதுக்கு என்னா பேரு சொல்றதுன்னு. பேரு போனாப் போகுது. நீங்க இருங்க.”

மறுநாள் வேன் வந்தது. அண்ணனை அவள் வாசலிலேயே நிறுத்தி என்ன பேசினாளோ, வேன் வெறுமையாகத் திரும்பிப் போனது. தவறுதல் என்ற கதை இருக்கும் வரைக்கும் யாராவது இன்னொரு வேன் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. சார்ஜனை வரச்சொல்லி வாக்குமூலத்தைத் திருத்தினேன். “ஐயோ முதலி மஹத்தயா, எதற்கு இது?” என்று அவர் தலையில் கை வைத்தார். பாவம், நல்ல மனிதர்.

மனம் தெளிய ஆரம்பித்ததை ஒரு நாள் என்று சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று செல்வமணியிடம் கோபித்துக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். உப்பு நாக்குக்குத் தெரிகிறதே என்றாள்.

வழக்கு கூப்பிட்ட நாளில் கோட் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனேன். என் இடத்தில் நஸீரா நின்றாள், மாத்தளை டவுன்காரி, எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். கூண்டில் ஏறியபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசை வாங்கில் செல்வமணியும், அவளுக்குப் பக்கத்தில், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த மச்சானும். எனக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று நினைத்து நீதவான் நேரே சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் பதில் சொல்ல அனுமதி கேட்டேன்.

“ஏன்? உங்களுக்குத்தான் எங்களைவிட நன்றாகச் சிங்களம் வருமே.”

“சிங்களத்துல எனக்குப் பொய் சொல்ல வருதுங்க ஐயா” என்றேன். நஸீரா அதையும் முறைப்படி, “சிங்களத்தில் எனக்குப் பொய் சொல்ல வருகிறது” என்று தன் வாயால் சொன்னாள். கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது.

“ஏன் செய்தீர்கள்?”

“தெரிஞ்சுதாங்க செஞ்சேன். அது ஒரு வருத்தம்னுதான் எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குறாங்க. இப்ப இருக்கணும்னு இருக்கு.”

நஸீரா ஆரம்பித்தாள். “தெரிந்துதான் செய்தேன்...” அவளுடைய குரல் இடையில் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இத்தனை வருஷமும் ஊரார் எல்லோருக்காகவும் நான் சொன்ன அந்த நான் என்ற சொல்லை எனக்காக இன்னொருவர் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளினிக்குக்குத் தவறாமல் போக வேண்டும் என்று எச்சரித்து நீதவான் என்னை விட்டுவிட்டார். வேலை போகவில்லை, வேறொரு கோர்ட்டுக்கு மாற்றினார்கள். அது பிறகு நடந்தது. அன்று நான் இறங்கியதும் ஏறியவர் ராமையா. வெளியே அவருடைய சட்டத்தரணியின் ஆள், “தெரியாமச் செஞ்சிட்டேன்னு சொல்லுங்க” என்று சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டிருந்தேன்.

நீதவான் அதே கேள்வியைக் கேட்டார். ராமையா கூண்டுக்குள் நின்று சுற்றிலும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்தார்.

“இப்ப எறங்கினாரே, அவரு சொன்னதுதாங்க எனக்கும்” என்றார். பிறகு எதையோ யோசித்துவிட்டுச் சேர்த்தார்: “கோட்டு மட்டும் எனக்கில்லீங்க.”

நஸீராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள்.